கிணற்றில் இறங்கிய புடவை

யுத்த காலத்தில், செஞ்சிக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது இது. எனக்கு முன்னால் சிங்கவரத்துக்காரர் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. தான் கிணற்றில் விழுந்த கதையை அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

“கயிறு அறுந்துபோச்சு. சுத்துப்பட்டுல ஆள் இல்ல. உடும்பு மாதிரி கல்லைப் புடிச்சிக்கினு நானே ஏறி வந்துட்டேன்!”

“அப்ப என் புடவை இன்னாத்துக்குய்யா உன் இடுப்புல இருந்துச்சு?” என்றாள் மனைவி.

வரிசையே அவர் பக்கம் திரும்பியது.

“அது... நீயும் மேல நின்னுக்கினு இருந்த.”

“நின்னேனா? வேப்பமரத்துல காலை உதைச்சிக்கினு உன்னை இழுத்தேன். இருவது வருசமா உன் கதையில நான் இல்லவே இல்ல. கேட்டுக் கேட்டு, நான் அங்க இருந்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

“புடவையைக் குடுத்துட்டு நீ இன்னாம்மா கட்டின?” என்றாள் பின்னால் நின்றவள்.

“சாக்கு! அதோடதான் தெருவுல நடந்தேன்.”

வரிசை சிரித்து ஓய்வதற்குள் புதிதாக ஒருவர் வந்து நின்றார். “இன்னா கதை?”

கணவர் தொண்டையைச் செருமினார்.

“நீ சும்மா இருய்யா, அந்தம்மா சொல்லட்டும்!” என்றார்கள் நாலைந்து பேர்.

அவள் டின்னைக் கீழே வைத்தாள். “நான் அன்னிக்கு மல்லாட்டைக் கொல்லையில கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கினு இருந்தேன்...”