மூணு நிறக் கயிறு

…நான் கேக்கறேன், இந்த ஃப்ரீசர் பெட்டிய வித்தவன் நல்லா இருப்பானா? “உம்மு ஹைதம், பத்து வருசத்துக்கு இது அசையாது”ன்னான். சொன்ன சொல் தவறல! உசுரே இல்ல, எப்பிடி அசையும்? ஏய், கிட்ட வராதம்மா அர்வா! அங்கயே நில்லு. முக்காட்ட மூக்கு மேல இழுத்து விட்டுக்கோ. அவ்ளோ நாத்தம். கையில என்ன, தட்டா? எனக்கா? ஐயோ, இரு இரு, என் கையப் பாரு, ரத்தத் தண்ணி. அந்தப் படிமேல வை, அப்புறம் எடுத்துக்கறேன்.

புதுசா குடி வந்தவ, மொதமொதல்ல நம்ம வீட்டப் பாக்க வர்றே. உன்ன உள்ள கூப்ட்டு உக்காரவச்சு ஏலக்கா டீ குடுக்கணும். நானோ கராஜுல ரெண்டு ஃப்ரீசருக்கு நடுவுல நின்னுக்கிட்டு அழுவுறேன். வாயத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்குதுங்க பாரு ரெண்டும்! எல்லாம் பெருநாள் கறிம்மா. குர்பானி கறி. வீணாப் போச்சு, ஒரு துண்டு தேறாது. என் வீட்டுக்காரரு இன்னைக்கு வர்றாரு! ஹஜ்ஜு முடிச்சு, மொட்டத் தலையோட, ஜம்ஜம் தண்ணியோட. அவரு தம்பி ஏர்போர்ட்டுக்குப் போயாச்சு. நாளைக்கு விருந்து. இந்த டியர்பார்ன் ஊர்ல பாதிப் பேர கூப்ட்டு வச்சிருக்கேன். மந்திச் சோறு ஆக்கச் சட்டியெல்லாம் கழுவி வச்சாச்சு. கறி? இந்தா, ஈக்கு விருந்து!

தப்பு யாரு மேலங்கற? கரண்டுக்காரன் மேல. என்னது? வீட்ல வெளக்கு எரிஞ்சுச்சாவா? எரிஞ்சுச்சும்மா, வீட்ல எல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுச்சு. கராஜ் லைன் மட்டும் ட்ரிப் ஆயிருக்கு. ஒரே பிளக்குல ரெண்டு பெட்டியும் போட்டா அப்பிடித்தான் ஆகும்னு காலைல வந்தவன் சொல்றான். அவரும் போறதுக்கு முன்னாடி சொன்னாருதான்… “ரெண்டாவது பெட்டி எதுக்குடி? இருக்கற ஒண்ணு போதாதா?”ன்னு. ஆம்பளைங்க சொல்றதயெல்லாம் கேட்டா குடும்பம் நடத்த முடியுமா, நீயே சொல்லு.

என்னைக்கு நின்னுச்சோ, அல்லாவுக்குத்தான் தெரியும். நான் எங்க தொறந்து பாத்தேன்? கராஜப் பூட்டிச் சாவிய இடுப்புல செருவிக்கிட்டேன். ஏன்னு கேளு. எல்லாம் அந்த பில்கீஸால! என் ஓரகத்திம்மா, அவரு தம்பி பொண்டாட்டி. உப்பு வேணும்னு வருவா. வந்தா கண்ணு நாலு பக்கமும் மேயும். “அக்கா, இவ்ளோ கறியா? இன்னுமா குடுக்கல?”ன்னு கேட்டுட்டு, நாளைக்கு அத ஊர் பூரா பரப்பிட்டு வருவா. அதான் பூட்டினேன்.

போன வருசம் அவ புருசன் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தான். ஒரு விருந்து வச்சா பாரு! தாம்பாளத்துக்கு ஒரு முழு ஆடு. இன்னைக்கும் பள்ளிவாசல்ல பொம்பளைங்க பக்கம் அதே பேச்சு. “பில்கீஸ் வீட்டு மந்தி மாதிரி வருமா!” எனக்கு வயித்தெரிச்சல் இல்லம்மா, வல்லாஹி, அல்லா மேல ஆணையா இல்ல. ஆனா மூத்தவ நானா அவளா?

போன ஜும்ஆல இமாம் நல்லாப் பேசினாரு. நீ வந்திருந்தியா? பசிச்ச ரெண்டு ஓநாய ஆட்டு மந்தையில அவுத்து விட்டாக்கூட அவ்ளோ நாசம் வராதாம். பொருளாசையும் பேர் ஆசையும் மனுசனோட தீன்ல, மார்க்கத்துல, பண்ற நாசம் அத விடப் பெருசுன்னு நபி சொன்னாங்களாம். ‘பேர்’ ஆசைன்னா என்னன்னு வேற வெளக்கினாரு… பொருள் மேல ஆச ஒண்ணு, நாலு பேரு நம்மளப் பெருசாப் பேசணுங்கற ஆச ஒண்ணு. தொழுகய, நோன்பக்கூட அது உள்ளயே இருந்து தின்னுடுமாம், வெளிய தெரியாதாம். எனக்கு அப்பிடியே கண்ணு கலங்கிருச்சு. மெல்லத் திரும்பி பில்கீஸப் பாத்தேன். கேக்கறாளா இல்லையான்னு! கல்லு மாதிரி உக்காந்திருந்தா. அவளும் என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தா. கொழுப்பு!

நான் ஒழுங்காத்தான்மா எல்லாம் செஞ்சேன். கறி வந்த அன்னைக்கே மூணு பங்காப் பிரிச்சுட்டேன். பைக்குப் பை கயிறு கட்டினேன். செவப்புக் கயிறு நம்ம வீட்டுக்கு. பச்சைக் கயிறு சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்துக்கு. வெள்ளைக் கயிறு இல்லாதப்பட்டவங்களுக்கு. அவரு ஹஜ்ஜுல, மினாவுலேர்ந்து போன் பண்ணி மொத வார்த்தையே அதான் கேட்டாரு, “வெள்ளைக் கயிறு போயிருச்சா?”ன்னு. பிரிச்சு வச்சாச்சுன்னேன். பொய்யில்லையே? பிரிச்சுத்தானே வச்சிருந்தேன்!

என்ன… பாத்துக்கிட்டே நிக்கற? ம்? ஆமா, பையில இருக்கறது வெள்ளைக் கயிறுதான். அது… எல்லாக் கயிறும் இங்கதான் இருக்கு. கொழுப்புச் சதையா, நெஞ்செலும்பா, அருமையான கறிம்மா. நாலு நாள் கழிச்சுக் குடுத்தா என்ன, அவரு வந்தப்புறம் அவரு கையாலயே குடுக்கட்டுமேன்னு நெனச்சேன். அப்புறம் விருந்து வருதுன்னு நெனச்சேன். விருந்துக்கு ஏழைங்களும்தானே வருவாங்க? வந்து தின்னா குடுத்த மாதிரிதானே? தாம்பாளம் நெறஞ்சு இருக்கணும்ல. பள்ளிவாசல்லேர்ந்து கேட்டு ஆளு வந்தப்பக்கூட, எங்க பங்கு போயிருச்சுன்னு நான்…

சரி அத விடு. பச்சைக் கயிறுல உனக்கும் ஒரு பை இருந்துச்சு, தெரியுமா? நீ லாரியிலேர்ந்து சாமான் எறக்குனப்பவே ஜன்னல்லேர்ந்து பாத்து, புதுப் பக்கத்து வீடுன்னு எடுத்து வச்சேன். நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு… எது உன் பைன்னு இப்பக் கண்டுபிடிக்க முடியல. எல்லாப் பையும் ரத்தம் ஊறி ஒரே நெறமா ஆயிருச்சு, பாரேன்.

இந்தத் தட்டுல என்னம்மா கொண்டாந்திருக்க? ஹாஜி வர்ற நாளு, எனக்குச் சமைக்க நேரம் இருக்காதுன்னா? அல்லா உன்ன நல்லா வைக்கட்டும். வாசன தூக்குது! இந்த நாத்தத்துலயும் தூக்குதே! கறி எங்க வாங்கின? உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை அமையலன்னு சொன்னாங்களே…

பள்ளிவாசல்ல குடுத்த பொட்டலமா.

யாரோ குடுத்த வெள்ளைக் கயிறு.

ம். நல்லதும்மா. சரி, அந்தக் குப்பைப் பைய மட்டும் கொஞ்சம் விரிச்சுப் பிடி, இதக் கொட்டிட்டு வந்து… இதக் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள முதுகு ஒடியுது. அர்வா? பிடிம்மா. அர்வா! எங்க போன? சொல்லாமக்கூடப் போயிட்டாளே. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு மரியாதை… இல்ல, சொன்னாளோ? நான் எங்க பேச விட்டேன்.

தட்ட விட்டுட்டுப் போயிருக்கா. படிமேல, மூடி போட்டு. மூடியத் தொறந்தா, சோறும் கறியுமா இன்னும் ஆவி பறக்குது. அவ பிள்ளைங்களுக்கு வச்சாளோ, இல்ல மொத்தத்தையும் இங்க கொண்டாந்துட்டாளோ… பக்கத்து வீட்டுத் தட்ட வெறுந்தட்டாத் திருப்பக் கூடாது. எங்கம்மா ஊர்ல, சனா நகரத்துல, சொல்லுவா, வெறுந்தட்டு திருப்புனா முகத்துல கதவச் சாத்துன மாதிரின்னு.

என்னத்தப் போடுவேன் இதுல? ரெண்டு பெட்டி நெறையக் கறி. செவப்பு, பச்ச, வெள்ள. ஒரு தட்டுக்கு ஒரு துண்டு இல்ல.

அது… காரு சத்தமா?