அறுபத்து மூணுக்கு ரெண்டு வண்டி

— நிறுத்து, நிறுத்து! அதுக்கு மேல ஒரு அடி வராதே! எங்க மினி கார் கிளப் வரிசை வருஷப்படி நிக்குது, தெரியலை? அம்பத்தொம்பதுலேருந்து ரெண்டாயிரம் வரைக்கும், வருஷத்துக்கு ஒரு மினி. நடுவுல வந்து மூக்கை நுழைக்கிறியே!

— மிஸ்டர் ஹாக்கெட், நான்தான் லோர்னா! வரேன்னு போன்ல சொன்னேனே! கேளுங்களேன், பர்மிங்ஹாம்லேருந்து கொட்டுற மழையில வந்திருக்கேன், ஒரு தடவைகூட வண்டி நிக்கலை!

— பழைய மினி, மழையில நிக்காம வந்துச்சா? கதை விடாதே. பிளக்குக்கெல்லாம் கரண்ட் அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னாடி உக்காந்திருக்கு, நாலு தூறல் விழுந்தாலே படுத்துக்குமே!

— அதுக்கு மேல பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறையை மாட்டிவிட்டேன்! அஞ்சு ஒயர், அஞ்சு விரல். அப்பா சொல்லிக் கொடுத்த வித்தை.

— அடி சக்கை! விவரமான ஆளுதான். எந்த வருஷம்? இரு, சொல்லாதே, நானே கண்டுபிடிக்கிறேன். கதவுக் கீல் வெளியில தெரியுது, கண்ணாடி சறுக்கித் திறக்குது. சரி, பழசுதான். சக்கரத்துல ஓட்டை ஓட்டையா... அட! உள்ள பெரிய டிஸ்க் பிரேக்! லோர்னா, இது சாதா மினி இல்லம்மா. ரேஸ் ஓட்டுறதுக்குன்னே செஞ்ச கூப்பர் எஸ்!

— ஆயிரத்து எழுபத்தொண்ணு சிசி! அறுபத்து மூணு! அப்பா புதுசா வாங்கினது!

— அம்மாடியோவ்! முதல் மினிக்கு எண்ணூத்தி நாப்பத்தெட்டுதான். அறுபத்தொண்ணுல கூப்பர் வந்தது, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு. அப்புறம் வந்தா பாரு இவ, ராட்சசி! ஒண்ணரை வருஷம்கூட முழுசா போடலை. பின்னாடியே ஆயிரத்து இருநூத்தி எழுபத்தஞ்சு வந்து எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. அறுபத்தொம்பதுல ஒரு மாடலுக்கு மூக்கைக்கூடச் சப்பையாக்கினாங்க, பாவிங்க! ஆனா சீறுறதுல இவளை அடிச்சுக்க ஆளில்ல.

— அப்ப அறுபத்து மூணாம் இடத்துல விட்டுடட்டுமா? பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்து வேன்ல அப்பா வர்றார். இது எப்பவோ காயலான் கடைக்குப் போயிருச்சுன்னு நெனச்சிட்டிருக்கார். வரிசையில நடந்து வந்து, அறுபத்து மூணுல தன் வண்டியைப் பார்க்கணும். அடுத்த வருஷக் கூட்டத்துக்குள்ள கண்ணு சுத்தமா போயிடும்னுட்டார் டாக்டர்.

— அந்த இடத்துல ஒரு பச்சை வண்டி நிக்குதே, யாருதுன்னு தெரியுமா?

— யாருது?

— என்னுது. பன்னெண்டு வருஷமா அங்கதான் நிக்குது.

— அய்யோ, இந்த ஒரு வருஷம் விட்டுக் கொடுங்களேன்!

— சட்டம் சட்டம்தான்மா. ஒரே வருஷத்துக்கு ரெண்டு வண்டி வந்தா, பிறந்தப்ப வெச்ச எஞ்சின் எதுல இருக்கோ அதுதான் நிக்கும். பானட்டைத் திற, பார்ப்போம்... ம்ஹும். இது எண்பதுகள்ல வந்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு சிசி எஞ்சின்.

— தெரியும், நான்தான் அதை வெச்சேன். வைக்கோல் கொட்டகையிலேருந்து இழுத்துட்டு வந்தப்பவே உள்ள எஞ்சின் இல்ல. யாரோ கழட்டி வித்துட்டாங்க. ஏழு வருஷமா தேடுறேன், ஊர் ஊரா அலையுறேன்.

— அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. அதோ, வேடிக்கை பார்க்க வந்தவங்க வண்டியோட நிறுத்து. வா, சூடா ஒரு டீ வாங்கித் தர்றேன்.

— உங்க டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்! உங்க வண்டியில இருக்கிறது பிறந்தப்ப வெச்ச எஞ்சின்னு யாரு சோதிச்சாங்க?

— கிளப்ல சோதிக்கிற வேலையே என்னுதுதானே!

— நல்லாருக்கே நியாயம்! உங்க வண்டிக்கு நீங்களே சர்டிபிகேட்டா? ஆர்.சி. புக் எங்க?

— அது... பழைய ஓனர் தொலைச்சுட்டார். ஆனா வித்த மெக்கானிக் சத்தியம் பண்ணித்தான் கொடுத்தான். முப்பது வருஷமா குழந்தையாட்டம் துடைச்சு வெச்சிருக்கேன், தப்பாப் பேசாதே!

— என்கிட்ட ஆர்.சி. புக் இருக்கு. பின் சீட்டுக்கடியில கெடந்துச்சு. அப்பா கையெழுத்தைப் பாருங்க. அவர் வண்டிதான்னு ஒத்துக்கிட்டாவது இடம் கொடுங்க!

— கொடு. கண்ணாடியைப் போட்டுக்கறேன்... ம், சேஸிஸ் நம்பர் சரி. எஞ்சின் நம்பர்... மூணு, மூணு, ஒண்ணு...

— ஏழு, அஞ்சு. ஏன் நிறுத்திட்டீங்க? மிஸ்டர் ஹாக்கெட்? என்ன இது, முகம் இப்படி வெளுத்துப் போச்சு! உக்காருங்க, உக்காருங்க. அய்யோ, அதோ வேன் வந்திருச்சு! சரி, சண்டை வேணாம், நானே ஓரமா எடுத்துடறேன்.

— நீ எடுக்காதே. இந்தா, என் வண்டிச் சாவி. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பச்சை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு, லோர்னா. அவரோட எஞ்சின் அதுக்குள்ளதான் இருக்கு.