நரிப்பள்ள ஓடையில் என் பங்கு

வெயில் எனக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி இந்த ஊரில் வேறு யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. திருவண்ணாமலையில் சித்திரை மாதம் பாறையில் தோசை ஊற்றலாம். நான் அந்தப் பாறைமேல் படுத்துத் தூங்கியவன். அதனால்தான் ஓடை பார்க்கிற வேலை எப்போதும் எனக்கே வந்தது. நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அதைத்தான். மழுப்ப மாட்டேன், நிதானமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் நரிப்பள்ள ஓடையில் கோயில் யானை குறுக்கே படுத்துப் புரளலாம். மிச்ச இடத்தில் அதன் சொந்தபந்தமும் புரளலாம். அப்புறம் ஊர் வளர்ந்தது. ஒருவர் லாட்ஜ் கட்டினார், ஒருவர் சத்திரம், ஒருவர் அரிசி ஆலை. நடுவில் ஒரு ரோடு. ஓடையை ஒட்டிக் கட்ட யார் மனுக் கொடுத்தாலும், தண்ணீர் போக இடைஞ்சல் உண்டா என்று ஓவர்சியரான நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வழக்கப்படி இடம் பார்ப்பது கோடையில். மழைக்காலச் சேற்றில் யார் இறங்குவது? இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைக்கு ஓடை எவ்வளவு இருக்கிறதோ அதுதான் ஓடையின் அகலம். போன வருஷத்தை யாரும் கேட்பதில்லை. இருப்பதில் கொஞ்சம் போகிறது, பாதகமில்லை என்று எழுதுவேன். அடுத்தவர் வரும்போது அந்த மிச்சத்திலிருந்து கொஞ்சம். ஒவ்வொரு முறையும் நான் எழுதியது உண்மை. பொய்யாக ஒரு வரி காட்டுங்கள், இந்த மலையையே தூக்கிப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் வைத்துவிடுகிறேன்.

ஓடையின் கீழ்க்கோடியில் குடிசை போட்டு இட்லி விற்ற ஜோதியம்மாளுக்குத்தான் இந்த வழக்கம் பிடிக்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில், நான் ஓடையில் இறங்கி அளந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இன்னா சார், இன்னொரு சுவரா? இதுக்கும் ஒண்ணும் ஆகாதா?"

"இந்தச் சுவரால ஒண்ணும் ஆகாதும்மா."

"முன்னெல்லாம் தண்ணி வாசலோட நின்னுச்சு. போன மழைக்கு அடுப்பே முழுவிப் போச்சு. எல்லாத்தையும் சேத்து ஒரு தபா பாருங்க சார். ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் எங்க ஓடுவேன்?"

"சேத்துப் பாக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லையே."

"கண்ணு உங்க சொந்தக் கண்ணுதான. அதுக்குமா ஆர்டர் வேணும்?"

ரசித்துச் சிரித்தேன். அவள் சொன்னபடியே அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்த்தும் பார்த்தேன். அரிச்சுவடிக் கணக்குதான். மேலே யானை அளவுக்குத் தண்ணீர் இறங்கும். கீழே கோழி நுழையத்தான் வழி. அடுத்த பெருமழையில் அது எங்கே திரும்பும், யார் குடிசையில் முதலில் நுழையும் என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஜோதியம்மாள் குடிசைதான் முதல்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த மனுவுக்கும் பாதகமில்லை என்றே எழுதினேன். அது என் மனைவி சரோஜா பெயரில் போட்ட மனு. ஓய்வுக்காலத்துக்கு மேட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஓடைப்பக்கம் சுற்றுச்சுவர் தேவைப்பட்டது. சேர்த்துப் பார்த்ததில் ஒரு லாபம், சுவரை எவ்வளவு உயரம் எழுப்பினால் போதும் என்று தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. அதற்குள் மேட்டு வீட்டுக்குக் குடிவந்திருந்தோம்; பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு அதன் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கணக்கு ஒரு சாண் பிசகவில்லை. தண்ணீர் என் சுவரில் மோதி, மரியாதையாகத் திரும்பி, கீழே போனது. ஜோதியம்மாள், அவள் பெண்கள் இரண்டு பேர், பக்கத்துக் குடிசைக்காரர்கள் என்று மொத்தம் ஏழு பேர் அதோடு போனார்கள்.

ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அளவோடு. அந்த ஓடையில் கை வைத்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ஏழு பேரை நாற்பது பங்கு வைத்துப் பாருங்கள். என் சுவருக்கு ஒரு முழு ஆள்கூட வராது. ஜோதியம்மாளின் சின்னப்பெண்ணின் ஒரு கை வரும், அவ்வளவுதான்.