நாக்கு என்றால் நாலு

ஓட்டுக் கேட்டு வீதி வீதியாக நடக்கிறவனுக்கு முதலில் காய்வது நாக்குதான், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் என் ஜேபியில் எப்போதும் நாலு பெப்பர்மின்ட் இருக்கும். நீங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் தெரியும் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. நான் சொல்லப்போவது தமிழ் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

செத்துப்போன வேட்பாளர் மல்லப்பன் என் தங்கை ஜோதிமணியின் கணவர். எங்கள் எல்லாருக்கும் உங்கள் கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிதான் சொந்த ஊர், வீட்டில் பேசுவது தமிழ். மைசூருக்கு வந்த பிறகு மாப்பிள்ளை இரண்டு தடவை சட்டமன்றத்துக்கு நின்றார், இரண்டு தடவையும் தோற்றார். பிரசாரம் முழுக்க என் பொறுப்பு. பதினைந்து வருஷமாக எனக்கு வேறு தொழில் கிடையாது. அவர் ஜெயித்தால் நானும் ஓர் ஆள். இல்லையென்றால் கல்யாண வீட்டில்கூட வேலாயுதம் என்று யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

இந்தத் தடவை ஓட்டு இயந்திரத்தில் எங்களுக்கு நாலாம் எண் வந்தது. கன்னடத்தில் நாலு என்பது 'நால்கு', வாய்ப்பேச்சில் 'நாக்கு'. கட்டைவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டி "நாக்கு, நாக்கு" என்று தொண்டர்களைக் கத்த வைத்தேன். வீட்டுக்கு வெளியே மாப்பிள்ளை ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது என்பதும் என் கட்டளைதான். மனிதர் அப்படியே நடந்தார். ஆனாலும் ஓட்டு வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. போன இடமெல்லாம் கும்பிட்டார்கள், டீ கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவையும் தோற்றால் கட்சி எங்களை வாசலோடு அனுப்பிவிடும். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா.

அப்போதுதான் கட்சி வக்கீல் பேச்சுவாக்கில் ஒரு சட்டம் சொன்னார். வாக்குப்பதிவுக்கு முன்னால் கட்சி வேட்பாளர் இறந்துபோனால் தேர்தல் தள்ளிப்போகும். ஏழு நாள் கெடுவுக்குள் கட்சி வேறு ஆளை நிறுத்தலாம். தாலி இழந்தவளாக ஜோதிமணி போய் நின்றால் எதிராளிக்கு டெபாசிட்கூடத் தேறாது. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

மாப்பிள்ளைக்கு இருதயக் கோளாறு. நெஞ்சு வலித்தால் உடனே ஒரு சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். மாலை போடுகிற கூட்டம் அவர் சட்டையையே கிழித்துவிடும் என்பதால் தங்கை புது மாத்திரை டப்பியை என்னிடம் கொடுத்திருந்தாள். "அவருக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காதுங்ண்ணா. உங்க ஜோப்புலயே இருக்கட்டும்" என்றாள்.

தேவராஜ மொஹல்லாவில், பூக்கடைகளுக்கு முன்னால், பகல் பதினொன்றரைக்கு அவருக்கு வலி வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாக்கு… மச்சான், நாக்கு…" என்றார். வலியில் மனிதனுக்கு வீட்டுப் பேச்சுதான் வரும்போல. தொண்டர்கள் உற்சாகமாகி "நாக்கு, நாக்கு" என்று திருப்பிக் கத்தினார்கள். தமட்டை மேளம் அடிக்கிறவரும் சேர்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல அவர்களும் சொன்னார்கள். வாயைக் காட்டுவதற்காக அவர் கையைத் தூக்கினார். அந்தக் கையை நான் பிடித்து உயர்த்தி, கட்டைவிரலை மடக்கிவிட்டேன். பத்திரிகையில் வந்த படம் அதுதான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பி என் ஜேபியில் இருந்தது. எடுக்கவில்லை.

கடைசி மூச்சிலும் நாலாம் எண்ணுக்கு ஓட்டுக் கேட்ட தலைவர் என்று அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. பார்த்தவர்கள் அழுதார்கள். நானும் நிஜமாகவே அழுதேன். ஜோதிமணி மட்டும் அழாமல் அதை மூன்று தடவை பார்த்தாள்.

"நம்ம ஊட்டுல நாலுன்னுதானுங்ண்ணா சொல்லுவோம். மச்சான்னு உங்களக் கூப்புட்டுப்போட்டு அவரு எதுக்கு நாக்குங்கறாரு?" என்றாள். பிறகு, "மாத்தர டப்பி எங்கீங்ண்ணா?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். மூடியின் சீல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் உங்களிடம் வந்துவிட்டாள். தேர்தலில் நிற்க மாட்டேன் என்று கட்சிக்கும் சொல்லிவிட்டாள். அது அவள் இஷ்டம்.

ஆமாம் ஐயா, அவரைக் கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கெடுவில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது. அவளை விட்டால் குடும்பத்தில் நான் ஒருவன்தான். விசாரணைக் கைதியும் வேட்புமனு கொடுக்கலாம் என்று வக்கீலிடம், அவர் அந்தச் சட்டத்தைச் சொன்ன அன்றைக்கே கேட்டு வைத்திருக்கிறேன். என் ஜேபியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கவரை மட்டும் திருப்பித் தாருங்கள். உள்ளே இருப்பது என் போட்டோதான், ஓட்டு இயந்திரத்தில் போடுகிற அளவு. மாப்பிள்ளை நெஞ்சைப் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்தது, நன்றாகச் சிரித்திருக்கிறேன்.