பூட்டானுக்கு ரெண்டு சீட்டு

ஜாஸ்மின்: தள்ளுங்க மாஸ்டர். கண்ணாடி ஜன்னல முழுசா மறைச்சிக்கினு நிக்கிறீங்க.

கோதண்டராமன்: நீ தையல் லைன் சூப்பர்வைசர். கட்டிங் ஹாலாண்ட உனக்கு இன்னா வேலை?

ஜாஸ்மின்: பூட்டான்லேந்து வந்து உங்ககிட்ட கட்டிங் கத்துக்கற அந்த பேமா பொண்ணு டெஸ்ட்ல பாஸாயிட்டா உங்க பூட்டான் போஸ்டிங் போச்சு. அதான் பாக்க வந்தேன்.

கோதண்டராமன்: ரொம்ப நல்ல மனசு.

ஜாஸ்மின்: நம்ம கவர்மென்ட்டு அங்க ஷூ பயிற்சி நிலையம் கட்டி, மெஷின்லாம் எறக்கியாச்சு. ஆறு மாசம் இங்க கத்துக்கினு போற பொண்ணுங்களே அத நடத்திட்டா நம்ம எதுக்கு? அதுங்க ஃபெயிலானாதான் கட்டிங்குக்கு நீங்க, தையலுக்கு நான். ரெண்டு வருஷம்...

கோதண்டராமன்: எனக்கே கத சொல்றியா? எங்க வீட்ல ஸ்வெட்டர் வாங்கி வச்சிட்டாங்க.

ஜாஸ்மின்: எங்கம்மா சர்ச் பூரா சொல்லி முடிச்சிட்டாங்க.

கோதண்டராமன்: உனக்கு இன்னா, உன் சீட்டு கெட்டி. உன் லைன்ல கத்துக்கற அந்த சோனம் ஊசில நூல் கோக்கவே ஒரு மாசம் ஆச்சு.

ஜாஸ்மின்: ம்... உள்ள முழங்கால் வரைக்கும் அங்கி போட்டிருக்காரே, அவரு யாரு?

கோதண்டராமன்: பூட்டான் அதிகாரி. காலைல கூட்டத்துல பேசினாரே, கேக்கலியா? 'நீங்க எங்களுக்குப் பக்கத்து வூட்டுப் பணக்காரங்க, ஆனா கதவ சாத்தாத பணக்காரங்க'ன்னாரு.

ஜாஸ்மின்: பணக்காரங்களா, நாமளா? காலைல எட்டு மணிக்கு குடியாத்தம் பஸ்ல ஏத்தி உடுங்க அவர.

கோதண்டராமன்: சிரிக்காத. அவங்க ஆத்துல கரண்ட் எடுக்க நாம கூட நின்னோம். ரோடு, ஆஸ்பத்திரி... இப்ப ஷூ. கேக்கச்சொல்ல எனக்குப் பெருமையா இருந்துச்சு ஜாஸ்மின். நெஜமா.

ஜாஸ்மின்: சரி சரி... அவ இன்னா பண்றா?

கோதண்டராமன்: தோல விரிச்சிட்டா. ரெண்டு கையால இழுத்துப் பாக்கறா.

ஜாஸ்மின்: எதுக்கு?

கோதண்டராமன்: தோலு ஒரு பக்கம் இழுத்தா நீளும், இன்னொரு பக்கம் நீளாது. நீளாத பக்கமா பாத்து ஷூ முன்பக்கத்த வெட்டணும். மாத்தி வெட்டினா நாலு வாரத்துல தொளதொளன்னு ஆயிடும்.

ஜாஸ்மின்: அத மட்டும் சொல்லித்தராத, அது நம்ம கைலயே இருக்கட்டும்னு முதலாளி சொன்னாரே.

கோதண்டராமன்: சொன்னாரு...

ஜாஸ்மின்: பின்ன இவளுக்கு எப்படித் தெரிஞ்சிது?

கோதண்டராமன்: பாத்து புடிச்சிருப்பா.

ஜாஸ்மின்: மாஸ்டர், இப்ப கண்ண மூடிக்கினு புறங்கையால தடவறா. இந்த ஃபேக்டரில அப்படித் தடவற ஆளு நீங்க ஒருத்தர்தான்.

கோதண்டராமன்: பக்கத்துல நின்னு பாத்திருப்பா.

ஜாஸ்மின்: அதுவும் அவ இடது கைக்காரி. பக்கத்துல நின்னு பாத்தா வராது. யாரோ எதுத்தாப்ல உக்காந்து, கண்ணாடில தெரியறாப்ல செஞ்சி காட்டியிருக்காங்க.

கோதண்டராமன்: மெதுவா பேசும்மா. முதலாளி அங்கதான் நிக்கிறாரு.

ஜாஸ்மின்: எப்ப சொல்லித்தந்தீங்க?

கோதண்டராமன்: சாப்பாட்டு நேரத்துல. அவளுக்கு இந்தி, எனக்கு நம்மூரு உருது. ஜாஸ்தி பேச்சே தேவப்படல.

ஜாஸ்மின்: எதுக்கு மாஸ்டர் இந்த வேலை?

கோதண்டராமன்: நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு கம்பெனில இருந்தேன். வெளிநாட்லேந்து உதவின்னு ஒரு மெஷின் வந்துச்சு. ஓட்டச் சொல்லித்தந்தாங்க, ரிப்பேர் சொல்லித்தரல. நின்னுபோச்சுன்னா அங்கேந்து ஆள் வரணும். ஒருவாட்டி பதினேழு நாள் கைய கட்டிக்கினு உக்காந்திருந்தோம். அந்த ரோஷம் எனக்கு இன்னும் போகல... நாம குடுக்கறது அப்படி இருக்கக்கூடாது.

ஜாஸ்மின்: மாஸ்டர்... அங்க பாருங்க. டெஸ்ட் வெக்க வந்த டெல்லி ஆபீசர் அவ கைய குலுக்கறாரு.

கோதண்டராமன்: பாஸா?

ஜாஸ்மின்: பாஸுதான். முதலாளி மூஞ்சி பேஜாரா இருக்கே.

கோதண்டராமன்: இருக்கட்டும். ரெண்டு ஜோடிக்கு வெட்டியும் தோலு எவ்ளோ மிச்சம் பாரு. நானே அவ்ளோ மிச்சம் புடிச்சிருக்க மாட்டேன்.

ஜாஸ்மின்: கண்ணத் தொடச்சிக்குங்க. வர்றாங்க.

கோதண்டராமன்: தோல் தூசி... சரி, நீயாவது போய்ட்டு வா. அங்க மலைல பனி கொட்டுமாம், போட்டோ எடுத்து அனுப்பு. எப்ப கெளம்பணும்?

ஜாஸ்மின்: எங்க கெளம்பறது மாஸ்டர்? எங்க லைன் டெஸ்ட் காலைலயே முடிஞ்சிது. சோனம் ஒரு தையல் தப்பல... ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழம பூரா எங்க வூட்டு மெஷின்லதான் தெச்சிக்கினு இருந்தா.