எதுவாயும் மாறும்

சமாதான காலத்தில் ஒருநாள், வன்னிக்குள் போகிற சாமான்களை ஆமி சோதிக்கும் ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவரின் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

“இது எதுவாயும் மாறும்” என்றார் அவர்.

“மெல்லக் கதையுங்கோ” என்றாள் மனைவி.

“பயப்பிடாதையும், உண்மையைத்தானே சொல்லுறன். மற்ற சிப் எல்லாம் செய்துவிட்டபடிதான் கிடக்கும். இந்த டின்னுக்குள்ள கிடக்கிற எஃப்.பி.ஜி.ஏ. போர்ட்டை நாங்கள் எழுதுற மாதிரி மாத்தலாம். இண்டைக்கு எங்கட புதுக்குடியிருப்பில இரும்பு கடையிற லேத்தை ஓட்டும், நாளைக்கு துளை போடுற மெசினை ஓட்டும். புரோகிராமும் சும்மா கிடைக்குது. ஆரும் திறந்து திருத்தலாம்.”

“ஆரும் திருத்தலாமோ? ஐயோ, அதை அங்க ஆமியிட்ட சொல்லிப்போடாதேங்கோ. லேத் சாமான் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“லேத் சாமான் எண்டால் பிழை, இப்ப இது வெறும் போர்ட். கரண்ட் நிண்டால் இதுக்கு எல்லாம் மறந்துபோம். திரும்பப் புரோகிராம் ஏத்தவேணும்.”

“உங்களுக்கும் கொஞ்சம் மறந்துபோகட்டும்.”

வரிசை நகரவில்லை. அவர் டின்னை இந்தக் கக்கத்திலும் அந்தக் கக்கத்திலும் மாறி மாறி இடுக்கிக்கொண்டேயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒருவழியாக மேசைக்குப் போனார்கள். ஆமிக்காரன் டின்னைத் திறந்து போர்ட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“இது என்ன செய்யும்?” கொச்சைத் தமிழில் கேட்டான்.

அவர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

“இப்ப ஒண்டும் செய்யாது சேர். எல்லாத்தையும் மறந்துபோய்க் கிடக்கு.”

ஆமிக்காரன் அவரைப் பார்த்தான். அவருக்கு அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.