வெல்வெட் எறும்புக்குக் கல்யாணம்

இல்ல கண்ணு, ஜன்னலோரம் எனக்கு வேணாம், நீயே ஒக்காந்துக்க. நான் பின்னாடி சீட்டுலதான் இருந்தேன். அங்க வெயிலு மூஞ்சியிலயே அடிக்குது, அதான் எந்திரிச்சி இங்க வந்துட்டேன். நீ நகர வேணாம். நகராத. இந்தக் கொஞ்சூண்டு எடம் போதும் எனக்கு. அப்படியே நேரா ஒக்காரு, பின்னால சாயாத. இந்த பஸ்ஸு சீட்டெல்லாம் ஒரே அழுக்கு, பட்டுப் பொடவ வேற கட்டியிருக்க. கல்யாணத்துக்கா? சிதம்பரத்துலயா? அப்பிடியா, நல்லாயிரு. நானும் ஒரு கல்யாணத்துக்குத்தான் போறேன்னு வெச்சிக்கயேன்.

தலைய ஆட்டாத கண்ணு, வாயால சொல்லு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். காது மந்தம்னா தலையாட்டுனாதான நல்லதுன்றியா? படிச்ச பொண்ணு, அதான் கேள்வி கேக்குற. கண்ணும் மந்தம்னு வெச்சிக்க. மொத்தத்துல நீ தலைய ஆட்டாத.

என் பேரு வேலம்மா. தேவனாம்பட்டினம். ஆமா, கடலூரு பக்கத்துல, பீச்சுதான். கருவாட்டு யாவாரம். வாசன வருதா? சோப்பு போட்டு ரெண்டு வாட்டி தேச்சிதான் குளிச்சேன், யூனிவர்சிட்டிக்குப் போறோமேன்னு. படிக்கவா? நீ ஒருத்தி, இந்த வயசுல நான் என்னாத்த படிக்கறது. என் மருமவ அங்கதான் பிஎச்டி பண்றா. எதுலன்னு கேளேன். வெல்வெட் எறும்புல.

சிரிக்காத கண்ணு, ஒடம்பு குலுங்குது பாரு. சிரிக்கணும்னா மனசுக்குள்ள சிரிச்சிக்க.

நானும் மொத வாட்டி சிரிச்சேன். சிந்துஜா கீரப்பாளையத்துப் பொண்ணு, வயக்காட்டுக்காரி. என் மவன் செம்பியனைக் கட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தப்ப, கடல பாத்து ஆசப்படுவான்னு நெனச்சேன். அவ என்னடான்னா கடலுக்கு முதுக காட்டிக்கிட்டு மணல பாத்துக்கிட்டு நிக்கிறா. அத்த, இந்த மணலு எவ்வளவு தூரம் போவுதுன்னு கேக்குறா. சவுக்குத் தோப்பு முடியற வரைக்கும் போவும்மா, அதுக்கு என்னான்னேன். மறுநாளு தோப்புல கவுந்து படுத்துக் கெடக்குறா. மருமவ மயங்கி வுழுந்துட்டான்னு தண்ணிய தூக்கிக்கிட்டு ஓடுனா, அத்த, நெழல் வுழுது, தள்ளி நில்லுங்கன்றா.

எறும்புன்னு பேருதான். எறும்பே கெடையாதாம், அது ஒரு வகக் குளவி. பொம்பளைக்கு ரெக்க இல்ல, மணலுல ஓடிக்கிட்டே இருக்கும். மேலெல்லாம் செவப்பா பட்டு மாதிரி முடி, முதுவுல வெள்ளப் பொட்டு. பாக்க அவ்வளவு அழகு. ஆம்பளைக்கு ரெக்க உண்டு, கருப்பா, நோஞ்சானா பறக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சா புருஷன் பொண்டாட்டின்னு பெத்த தாயே ஒத்துக்க மாட்டா. அதான் இவ தலவலி. இது பாலைவனத்துப் பூச்சியாம், ராஜஸ்தான் பக்கம் இருக்கறது. நம்ம கடலோர மணலுலயும் இருக்குன்னு இவ சொல்றா. கைடு தட்சிணாமூர்த்தி சாரு, பாலைவனத்துப் பூச்சிக்குக் கடலூருல என்னாம்மா வேலன்னு கேக்குறாரு. ஏன், எங்க ஊருக்கு வரக் கூடாதா? கலெக்டரே வர்றாரு.

என்னா, கழுத்துல ஊறுதா? எங்க? அது காத்து கண்ணு. ஜன்னலு தொறந்திருக்குல்ல, முடி பறந்து ஒரசுது. கைய வெக்காத, நான் பாத்துக்கறேன். அந்தக் கைய இப்பிடிக் குடு, நான் புடிச்சிக்கறேன். எனக்குப் பொண்ணு கெடையாது, யாரு கையயாவது புடிச்சிக்கிட்டுப் பேசுனாதான் பேச்சு வரும்.

எதுல வுட்டேன்? ஆங், சர்வே. சர்வேன்னா என்னா பண்ணுவாங்க தெரியுமா? மஞ்சக் கிண்ணம் வெப்பாங்க. தோப்பு முழுக்க மஞ்சக் கலரு பிளாஸ்டிக் கிண்ணம், அதுல சோப்புத் தண்ணி. பூச்சிக்கு மஞ்சன்னா பூவு மாதிரி தெரியுமாம், வந்து வுழுந்துடும். எது எது எங்க வுழுதுன்னு பாத்து, எந்த எடத்துல எந்தப் பூச்சி இருக்குன்னு கணக்கு எடுப்பா. நல்ல ரோசனைதான். ஆனா எங்க ஊருல தோப்பு முழுக்க மஞ்சக் கிண்ணத்துல தண்ணி வெச்சா என்னா நெனப்பாங்க? சொல்லு. வாயால சொல்லு.

அதேதான்! சூனியம்! ஊரே கிலி புடிச்சி நின்னுச்சி. பொம்பளைங்க அந்தப் பக்கம் போவறதையே நிறுத்திட்டாங்க. சிங்காரத்தோட போட்டுல அன்னிக்குன்னு பாத்து இன்ஜின் நின்னு போச்சா, முடிஞ்சிது கத. மறுநாளு இவ போயி பாக்குறா, ஒவ்வொரு கிண்ணத்துலயும் ஒரு எலுமிச்சம்பழம்! சூனியத்துக்கு மாத்து வெச்சிருக்காங்களாம். சிலதுல சூடம் வேற. உள்ள வுழுந்த பூச்சியெல்லாம் ஊறுகா மாதிரி மெதக்குது. இவ கிண்ணத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுவுறா.

பஞ்சாயத்து கூட்டுனாங்க. தலைவரு என்னாம்மா இதுன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சேன். தலைவரே, என் மருமவ சூனியம் வெக்கிறவளா இருந்தா மொதல்ல எனக்குத்தான வெச்சிருப்பா, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் பாருங்கன்னேன். கூட்டமே ஆமா ஆமான்னு தலையாட்டுச்சி. மாமியாளு உசுரோட இருக்கறதுதான் எங்க ஊருல பெரிய சாட்சி. வுட்டுட்டாங்க.

அதுலேந்து எனக்கே இதுல ஒரு இது வந்துடுச்சி கண்ணு. கொள்ளிடக் கரை மணலுல, குமராட்சி பக்கம், ஆம்பளப் பூச்சி நெறைய கெடச்சிது அவளுக்கு. எங்க தோப்புலயும் ஆம்பளைங்க வந்து கிண்ணத்துல வுழுந்துச்சிங்க. பொம்பளதான் ஒண்ணு கூட கெடைக்கல. பொம்பள கெடைக்காம இது இன்ன பூச்சின்னு உறுதியா சொல்ல முடியாதாம். மூணு வருஷமா தேடுறா. நல்லா கருத்துப் போயிட்டா. அவுங்கம்மா கீரப்பாளையத்துலேந்து வந்து பாத்துட்டு, எம்பொண்ண கருவாட்டோட சேத்துக் காய வெச்சிட்டீங்களான்னு எங்கிட்ட சண்ட.

கடைசில எங்க கெடச்சிதுன்ற? கேக்காத, எனக்கு வெக்கமா இருக்கு. சரி, நீயும் பொம்பளதான, சொல்றேன். நேத்து சாயங்காலம் கருவாடு திருப்பிப் போட்டுட்டு அப்பாடான்னு மணலுல ஒக்காந்தேன். ஒக்காந்த எடத்துல அது இருந்துச்சி.

அய்யய்யோ. சூட்டுக்கோல பழுக்கக் காச்சி சொருவுன மாதிரி கண்ணு. தேளு கடிச்சிருக்கு எனக்கு, கெளுத்தி முள்ளு குத்தியிருக்கு, அதெல்லாம் இதுக்குக் கால் தூசு. நான் போட்ட சத்தத்துல கட்டுமரத்துல இருந்தவன்லாம் கரைய திரும்பிப் பாக்குறான். சிந்துஜா ஓடி வந்தா. அத்த என்னாச்சின்னு கேப்பான்னு பாத்தா, அத்த அசையாதீங்கன்னு கத்துறா. பொடவ மடிப்புல இருந்துச்சாம். டப்பாவ கவுத்துப் புடிச்சிட்டா. புடிச்சிட்டு டான்ஸ் ஆடுறா! நான் ஒரு பக்கம் ஆடுறேன், அவ ஒரு பக்கம் ஆடுறா. செம்பியன் வந்து பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் சாமி வந்துடுச்சின்னு வேப்பல ஒடிக்கப் போயிட்டான்.

அப்புறம் வந்து கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா பாரு. அத்த, நீங்க ஒக்காந்ததாலதான் எனக்கு டாக்டர் பட்டமே கெடைக்கப் போவுதுன்னு. ரா முழுக்க கவுந்தடிச்சிப் படுத்திருந்தேன், ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு, வலியோட வலியா ஒரே சந்தோஷம். இப்பக் கூட பாரு, ஒரு பக்கமாதான் ஒக்காந்திருக்கேன்.

இரு, ஸ்பீடு பிரேக்கர் வருது, கம்பிய கெட்டியா புடிச்சிக்க. ஏம்ப்பா டிரைவரு! பாத்துப் போப்பா, வாயும் வயிறுமா பொண்ணு ஒக்காந்திருக்கு! கோச்சிக்காத கண்ணு, சும்மா சொன்னேன். அப்பத்தான் மெதுவா ஓட்டுவான். கல்யாணமே ஆவலியா? சரி சரி, ஆனப்புறம் வாயும் வயிறுமா போற பயணத்துல இத கழிச்சிக்க.

இன்னைக்குத்தான் அசலு பரிச்ச. பெங்களூர்லேந்து ஒரு அம்மா வந்திருக்காங்க, இந்தப் பூச்சிங்கள்ல பெரிய கையாம். மத்தியானம் ரயிலு ஏறிடுவாங்க. அவுங்க கண்ணு முன்னாடி பொண்ண ஒரு வலக் கூண்டுல வுட்டு, கொள்ளிடத்து ஆம்பளைய உள்ள வுடுவாங்க. இதோட வாசனைய மோந்து அது வந்து சேந்துச்சின்னா ரெண்டும் ஒரே சாதி. இவ சொன்னது சரின்னு ஆயிடும். பூச்சியிலயுமா சாதி பாக்குறீங்கன்னு கேட்டேன், அது வேற இது வேற அத்தன்னா. பொண்ணு இல்லன்னா ஒண்ணும் கெடையாது. மூணு வருஷம் மணலுல பொரண்டது மணலோடயே போயிடும். ஆம்பளயும் ரொம்ப நாளு தாங்காதாம், அதான் அவளும் செம்பியனும் விடியறதுக்குள்ள பைக்குல கொள்ளிடக் கரைக்குப் போயிட்டாங்க, மாப்ளைய புடிச்சார. பைக்குல பொண்ணு குலுங்கிடும்னு எங்கிட்ட குடுத்தா. சின்ன பிளாஸ்டிக் டப்பா, ஓட்ட போட்டு, ஈரப் பஞ்சு வெச்சி. அத்த, அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் தொறக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தா.

கடவுள் எங்க வந்து கேட்டாரு? நானாத்தான் தொறந்தேன்.

நீயே நாயத்த சொல்லு. மாப்ள வூட்டுக்குப் போற பொண்ண வெறும் நெத்தியா எப்பிடி கூட்டிக்கிட்டுப் போறது? எங்க அம்மன் கோயிலு குங்குமம் மடியிலதான் இருந்துச்சி. பேருக்கு ஒரு பொட்டு, தீக்குச்சி முனையில தொட்டு வெச்சிடலாம்னுதான் ஆலப்பாக்கம் தாண்டுனதும் மூடிய லேசா தூக்குனேன். அந்த நேரம் பாத்து பஸ்ஸு ஒரு குதி குதிச்சிது. பொண்ணு எறங்கி நடக்க ஆரம்பிச்சிட்டா. என் மடி, முன் சீட்டுக் கம்பி, அப்புறம் நேரா மேல. நான் பின்னாடியே எந்திரிச்சி வந்து ஒம்பக்கத்துல ஒக்காந்துட்டேன்.

எங்கயா? ஒன் தலையிலதான் கண்ணு. மல்லிப்பூவுல.

கத்தாத. கத்தாத கண்ணு. கையதான் நான் புடிச்சிருக்கேன்ல. இவ்வளவு நேரம் ஒண்ணும் பண்ணல பாரு. அது பாட்டுக்கு பூவுக்குள்ள மூஞ்ச வுட்டுக்கிட்டு இருக்கு. மல்லிக்கு நடுவுல ஒரே ஒரு கனகாம்பரம் வெச்ச மாதிரி எவ்வளவு அம்சமா இருக்கு தெரியுமா? பின்னாடி சீட்டு பொம்பள கூட ஒன் தலையவே பாத்துக்கிட்டு வருது. மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா நீ தட்டி வுட்டிருப்ப. யாரா இருந்தாலும் தட்டத்தான் செய்வாங்க. கீழ வுழுந்து யாரு கால்லயாவது மிதிபட்டா என் மருமவ கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்? அவ என்னைய ஒரு வார்த்த திட்ட மாட்டா. பரவால்ல அத்தன்னுதான் சொல்லுவா. சொல்லிட்டுத் தனியா போயி அழுவா. அதுதான் என்னால தாங்க முடியாது. பொண்ணு இல்லாத எனக்குப் பொண்ணா வந்தவ கண்ணு அவ.

சிதம்பரம் வந்துடுச்சி. மாப்ளைய புடிச்ச வலையோட சிந்துஜா பஸ் ஸ்டாண்டுலயே நிப்பா, ஒரு நிமிஷத்துல எடுத்துடுவா. நீ போற கல்யாணத்துக்கு செம்பியன் பைக்குல கொண்டு போயி எறக்கி வுடுவான். கூட்டம் மொதல்ல எறங்கட்டும். அப்புறம் நீ எந்திரி. மெதுவா. பொண்ணழைப்புல நடக்கற மாதிரி, தலைய நேரா வெச்சிக்கிட்டு, அடி மேல அடி வெச்சி வரணும். நான் முன்னாடி வழி வுட சொல்லிக்கிட்டே போறேன்.

என்னா, அழுவுறியா சிரிக்கிறியா? சிரிக்கிறியா. நல்ல பொண்ணு. நல்ல எடத்துல வாக்கப்படுவ.

எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஒதவி. கொஞ்சம் குனி கண்ணு. குங்குமம் இன்னும் என் கையிலயேதான் இருக்கு. நெத்திய எதுக்குக் காட்டுற? ஒனக்கில்ல, அதுக்கு.